முதல் படியில் முளைக்கும் புல்

புரட்டாசி மாதத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கமோ தளிப் பக்கமோ போனால் சாலையின் இரு பக்கமும் கேழ்வரகுப் பச்சைதான். ஆடி மழையை நம்பி விதைத்த மானாவாரிக் கொல்லைகள் அப்போது முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும். அதே நாட்களில் ஓசூர் நகருக்குள், சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், மாடி வீட்டுக் கூடங்களில் இன்னொரு கேழ்வரகு வயல் தயாராகும். ஒரு முழ நீளத் தட்டுக்குள் அது அடங்கிவிடும். நவராத்திரிக் கொலுவின் முன்னால் அமைக்கிற பூங்காவுக்கான புல் அது.

கொலு பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் மேல்படிக்குத்தான் போகும். கலசம், தெய்வங்கள், தசாவதாரம், செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம் என்று பார்த்துக்கொண்டே இறங்கிவந்து, பூங்காவுக்குக் கடைசியில்தான் குனிவார்கள். குழந்தைகள் மட்டும் நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் போய் உட்காரும் இடம் சரியான இடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொலுவில் உயிரோடு இருப்பது அந்தப் புல் ஒன்றுதான். பொம்மைகள் போன வருஷம் எப்படிச் சிரித்தனவோ அப்படியே இந்த வருஷமும் சிரிக்கின்றன. புல் நேற்று இருந்தபடி இன்று இல்லை.

இந்த எல்லைப் பகுதியில் கொலுவுக்குப் பல மொழிகள் உண்டு. 1799-ல் திப்பு சுல்தான் வீழும்வரை ஓசூர்ப் பகுதி மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. தசராவும் பொம்மை அடுக்கும் வழக்கமும் அந்த வழியிலும் இங்கே வேரூன்றின. கன்னடம் பேசும் வீட்டில் கொம்பெ அடுக்குகிறார்கள். தெலுங்கு பேசும் வீட்டில் பொம்மல கொலுவு. தமிழ் வீட்டில் கொலு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் பெருகிய பிறகு, வேலைக்காக வந்தவர்கள் தங்கள் ஊர் வழிபாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். பீகாரிலிருந்து வந்த குடும்பங்களுக்கு நவராத்திரி என்றால் கலசத்தின் அடியில் மண் பரப்பி பார்லி விதைப்பது. தசமியன்று அந்த இளம் முளையைப் பறித்துக் காதில் செருகிக்கொண்டு பெரியவர்களிடம் ஆசி வாங்குவார்கள். மொழி வேறு, தெய்வத்தின் பெயர் வேறு, தானியமும் வேறு. மண்ணை நனைத்து ஒரு புல் முளைப்பதற்காகக் காத்திருப்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

கொலுப் படிகளுக்குப் பெரியவர்கள் ஓர் ஒழுங்கு சொல்வார்கள். கீழ்ப்படியில் புல், செடி, கொடி போன்ற ஓரறிவு உயிர்கள். அதற்கு மேல் நத்தையும் சங்கும். பிறகு எறும்பும் கரையானும். பிறகு நண்டும் வண்டும். ஐந்தாம் படியில் விலங்குகளும் பறவைகளும், ஆறாம் படியில் மனிதர்கள். அதற்கும் மேலே மகான்கள், தேவர்கள், உச்சியில் அம்பிகை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஒன்றிலிருந்து ஆறுவரை வகுத்திருக்கும் முறைதான் இது. அங்கேயும் முதலில் நிற்பது புல். அதற்கு உள்ள ஒரே அறிவு தொடு உணர்வு. மாணிக்கவாசகரும் சிவபுராணத்தில் தாம் எடுத்து இளைத்த பிறவிகளை வரிசைப்படுத்தும்போது புல்லிலிருந்துதான் தொடங்குகிறார். ஞானத்தின் உச்சியில் நின்று பேசுகிறவர், தாம் கடந்துவந்த முதல் இடத்தை மறக்கவில்லை.

அந்த முதல் இடத்தை நம் கையால் அமைப்பதுதான் பூங்கா வேலை. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கேழ்வரகு மிகச் சிறிய மணி. ஆயிரம் மணிகளைச் சேர்த்து நிறுத்தால் இரண்டரை, மூன்று கிராம்தான் வரும். ஒரு கைப்பிடி அள்ளினால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் உள்ளங்கையில் தூங்குகின்றன. கல், தூசி நீக்கிக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நீரை வடித்து ஈரத்துணியில் முடிந்து வைக்கிறார்கள். கைக்குழந்தையின் கஞ்சி மாவுக்குத் தாய்மார் முளைகட்டுவதும் இப்படித்தான். அடுத்த நாள் துணியை அவிழ்த்தால் ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்க்கும். செம்மண்ணையும் மணலையும் சலித்துக் கலந்து, தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் மணிகளை நெருக்கமாகத் தூவுகிறார்கள். மேலே மெல்லிய மணல், அதற்கு மேல் நனைத்த துணி. இரண்டு மூன்று நாளில் ஊசி ஊசியாக வெளிர்முளை எழும்பும். துணியை எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் ஒரே பகலில் பச்சை ஏறிவிடும். நவராத்திரி தொடங்கும்போது புல்தரை வேண்டுமென்றால் மகாளய அமாவாசைக்கு முன்பே விதைத்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறங்குவதற்கு முன்னால் விதை மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. கொலுவின் முதல் வேலை, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருட்டுக்குள் நடக்கும் வேலை.

கடுகும் வெந்தயமும் விதைப்பதுண்டு. கடுகு இரண்டு இலை விரித்து நிற்கும்போது சின்னப் பொம்மைகளுக்கு அருகே அது புதராகத் தெரியும். வெந்தயம் அடர்ந்து, தோட்டத்து வேலியாகும். மெல்லிய, சன்னமான புல்தரைக்குக் கேழ்வரகை மிஞ்ச எதுவும் இல்லை. காரணம் எளிது: கேழ்வரகே ஒரு புல்தான். ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டு நிலங்களில் மனிதர் வளர்ப்புப் பயிராக்கிய புல் அது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து, இந்தப் பாறை நிலத்தின் உணவாகிவிட்டது.

நல்ல பூங்கா அமைக்கும் கைகளைக் கவனித்தால் ஒன்று விளங்கும். அவர்கள் தட்டு முழுவதும் ஒரே சீராகத் தூவுவதில்லை. கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் அமைக்கும் இடத்தில், கரையோரம் சற்று நெருக்கமாகத் தூவுகிறார்கள். ஈரம் நிற்கும் இடத்தில் புல் அடர்ந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். குளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மணலை மட்டும் விடுகிறார்கள். கால் படும் இடத்தில் புல் நிற்காது. பாறையாக வைத்த கல்லின் அடியில் ஒரு சிறு கொத்து. மாட்டுப் பொம்மை நிற்கும் இடத்தில் கொஞ்சம் கத்தரித்த புல். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. சிப்காட் மதில் ஓரத்தில், தென்பெண்ணைக் கரையில், ஏரி மேட்டில், வெறுமனே நடந்து போகும்போது கண் சேர்த்துவைத்த அறிவு அது. அருகு எங்கே படரும், கோரை எங்கே நிற்கும் என்று பார்த்தவர் கையால்தான் தட்டுக்குள் நிஜமான தரை வரும். சிறியதைச் செய்ய வேண்டுமென்றால் பெரியதைக் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பார்வைதான் தியானத்தின் முதல் பாடம்.

உலகம் முழுவதும் மாதிரி வடிவம் செய்கிறவர்கள் இந்தப் பாடத்தை வேறு வழியில் கற்றிருக்கிறார்கள். குட்டி ரயில் பாதைக்கும் கட்டட மாதிரிக்கும் அவர்கள் பயன்படுத்துவது நைலான் இழைகள். இரண்டு மில்லிமீட்டரிலிருந்து பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர்வரை நறுக்கிய பச்சை இழைகளை, அடியில் உலோக வலை வைத்த ஒரு சிறு கருவியில் போடுகிறார்கள். கருவியின் ஒரு முனையை ஈரப் பசை தடவிய தரையோடு இணைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்துக் குலுக்கினால், விழும் இழைகள் படுக்காமல் செங்குத்தாக நின்று பசையில் குத்திக்கொள்கின்றன. கார் கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்தில் வெல்வெட் மாதிரி ஒரு பரப்பு இருக்கிறதே, அதுவும் இதே முறையில்தான் வருகிறது. மோட்டார் உதிரிப் பாகங்களோடு பழகும் இந்த ஊர்க்காரர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

அந்தக் கலைஞர்கள் முதலில் தரைக்கு மண் நிறம் பூசுகிறார்கள். பிறகு குட்டை இழை, அதன்மேல் அங்கங்கே நெட்டை இழை. ஒரே பச்சையில் நிறுத்தாமல் காய்ந்த வைக்கோல் நிறத்தையும் கலக்கிறார்கள். சில இடத்தில் தரையை மொட்டையாகவே விடுகிறார்கள். வாடலும் வெறுமையும் சேராவிட்டால் புல் புல்லாகத் தெரியாது என்று கை அறிந்திருக்கிறது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952-ல் திறக்கப்பட்ட மதுரோடாம் என்ற குட்டி நகரம், இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அமைந்தது. நாஜிகளின் டாக்காவ் முகாமில் 1945-ல் இறந்த தங்கள் மகன் ஜார்ஜ் மதுரோவின் நினைவாகப் பெற்றோர் பொருள் கொடுத்து எழுப்பியது. அங்கே வீடுகளும் கோபுரங்களும் மாதிரிகள். அவற்றைச் சூழ்ந்த செடிகள் உயிருள்ளவை. மகனை இழந்தவர்கள் அவன் பெயரில் எழுப்பிய ஊரில் எப்போதும் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

நைலான் புல்லைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. அதில் உழைப்பும் பொறுமையும் அன்பும் இருக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நைலான் இழை தனக்குக் கொடுத்த அளவில் நிற்கும். கேழ்வரகு நிற்காது. ஒரு சாண் உயரப் பொம்மை மனிதருக்கு அருகே முதல் நாள் அது கணுக்காலைத் தொடும். நான்கு நாள் கழித்து முழங்கால். சரஸ்வதி பூஜை நெருங்கும்போது பொம்மையின் இடுப்பு மறைந்துவிடும். அளவு கெட்டுவிட்டது என்று கத்தரிக்கோல் எடுத்து நுனியை வெட்டினால், இரண்டு நாளில் மீண்டும் எழும்பும். நாம் வகுத்த அளவுக்குள் உயிர் அடங்கவில்லை என்பதை அந்தத் தட்டு தினமும் சொல்கிறது. குடும்பத்திலும் ஆலையிலும் எல்லாவற்றையும் வரைபடத்தின்படி நடத்திப் பழகிய நமக்கு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளை ஒதுக்கிவைக்கும் ஊரில் வாழும் நமக்கு, இந்தச் சின்ன மீறலைப் பார்த்துச் சிரிக்க முடிந்தால் நல்லது. பிள்ளைகளும் இப்படித்தான் வளர்கிறார்கள்.

இன்னொன்றும் பார்க்கலாம். தட்டைத் திருப்பாமல் இரண்டு நாள் அப்படியே விட்டால், புல் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கம்? படியின் உச்சியில் அம்பிகை அமர்ந்திருக்கும் பக்கம் சாய்வதில்லை. ஜன்னல் பக்கம் சாய்கிறது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-ல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கேனரிப் புல்லின் இளம் முளைகளை வைத்து அவர்கள் சோதித்தார்கள். முளையின் நுனியை மூடிவிட்டால் அது ஒளியின் பக்கம் வளையவில்லை. மூடாமல் விட்டால் வளைந்தது. ஒளியை உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி. கண் இல்லாத, மூளை இல்லாத, தொடு உணர்வு ஒன்று மட்டுமே உண்டென்று நாம் எண்ணிய அந்தச் சிறு உயிருக்கு வெளிச்சம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிகிறது. தெரிந்ததும் தயங்காமல் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

புல் அம்பிகையை விட்டு ஜன்னல் பக்கம் திரும்புவதை அவமரியாதை என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். எனக்கோ கூடத்தில் நடக்கும் வழிபாடுகளிலேயே சுத்தமானது அதுதான் என்று தோன்றுகிறது. நாம் ஒளியைப் போற்றிப் பாடுகிறோம், விளக்கேற்றி வணங்குகிறோம், பிறகு எழுந்து பழைய திசையிலேயே நடந்து போகிறோம். புல் பாடுவதில்லை. உடம்பையே வளைத்துக்கொள்கிறது. பக்தி எவ்வளவு என்பதற்கு நாம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறோம் என்பதுதானே கணக்கு?

விடியற்காலையில் கொலுக் கூடத்துக்குள் போகிறவர்கள் பூங்காவின் அருகே முழங்காலிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புல்லின் நுனியிலும் ஒரு நீர்த்துளி நிற்கும். அது பனி அல்ல. கூரைக்கு அடியில், மூடிய கூடத்தில், பனி எங்கிருந்து வரும்? வேர் உறிஞ்சிய நீரில் மிஞ்சியதை இரவில் புல் தன் நுனி வழியாக வெளியே தள்ளுகிறது. குளிர்ந்த, ஈரமான இரவில் இது நிகழும். அந்தத் துளிக்குள் உற்றுப் பார்த்தால் கொலுவின் அத்தனை படிகளும், அத்தனை விளக்குகளும், பொட்டளவில் தலைகீழாகத் தெரியும். திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரில் ஒரு வெண்பா இருக்கிறது. புல் நுனியின் நீர்த்துளி நெடிய பனைமரத்தைக் காட்டுவதைச் சொல்லிக் குறளின் பெருமையை அது உணர்த்துகிறது. அந்தக் கவிஞர் குனிந்து பார்த்திருக்கிறார். குனியாதவருக்கு இந்த உவமை கிடைத்திருக்காது. உச்சிப் படியில் உள்ள தெய்வத்தை நிமிர்ந்தும் பார்க்கலாம். முதல் படியில் குனிந்தும் பார்க்கலாம். குனிந்து பார்க்கிறவருக்கு இரண்டு படிகளும் சேர்ந்து கிடைக்கின்றன.

எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் ஆகும்போது நுனி மஞ்சளாகத் தொடங்கும். விதைக்குள் தாய் வைத்திருந்த உணவு தீர்ந்துவிட்டது. இரண்டு விரல் கன மண்ணில் பத்தாயிரம் வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. அந்தத் தரையில் அதற்கு மேல் வளர வழியில்லை. பார்ப்பதற்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நம் முன்னோர் இதை அறிந்தே செய்தார்கள். கோயில் திருவிழாவுக்கு முன் மண்ணெடுத்துப் பாலிகைகளில் நவதானியம் முளைக்கவிடும் அங்குரார்ப்பணம், கல்யாண வீட்டில் சுமங்கலிகள் பால் தெளிக்கும் பாலிகை, மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் கும்மியடித்துத் தலையில் சுமந்து போகும் முளைப்பாரி எல்லாமே சில நாள் மட்டும் வளர்ந்து நிற்கும் பசுமைகள். கல்யாணப் பாலிகையும் முளைப்பாரியும் கடைசியில் நீரில் போய்ச் சேர்கின்றன. கதிர் முற்றிக் களத்துக்கு வரவேண்டும் என்று இந்த முளைகளிடம் யாரும் கேட்பதில்லை. முளைத்ததே நிறைவு என்று அவற்றை ஏற்றுக்கொண்ட மரபு இது. பலன் எவ்வளவு என்று கேட்டே ஒவ்வொரு நாளையும் முடிக்கும் வாழ்க்கையில், பலன் கேட்காமல் ஓர் உயிரை வளர்த்து, வணங்கி, வழியனுப்பக் கற்றுத்தரும் ஏற்பாடு வேறு எங்கே இருக்கிறது?

இப்போது படிகளை மறுபடியும் பார்ப்போம். மேல்படியில் கலசத்தின் அடியில் பரப்பியிருப்பது பச்சரிசி. நெல் ஒரு புல். அம்பிகைக்கு நைவேத்தியமான சர்க்கரைப் பொங்கலில் அரிசியும் புல், வெல்லம் தந்த கரும்பும் புல். பிள்ளையாரின் கழுத்தில் கிடப்பது அருகம்புல். பித்ருக்களுக்கு எள்ளும் நீரும் இறைத்தபோது விரலில் அணிந்த தர்ப்பையும் புல். ஐந்தாம் படியின் பசு புல்லைத் தின்றுதான் அபிஷேகப் பாலைத் தருகிறது. ஆறாம் படியில் நிற்கும் நாம் இந்த மண்ணில் காலங்காலமாகக் களி தின்று வளர்ந்தவர்கள். களியும் புல்லின் மணிதான். கீழ்ப்படி கீழே கிடக்கிறது என்று எண்ணுவது பார்வைப் பிழை. மேலே உள்ள எல்லாப் படிகளையும் அது தாங்கிக்கொண்டிருக்கிறது. உச்சியில் உள்ளவளின் முன் படைக்கப்படுவதும் அதுவே. முதல் படியைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைக்கிறவர் படி ஏறியதாக அர்த்தமில்லை. தன்னைத் தாங்குவது எது என்று தெரிந்துகொண்டவர்தான் ஏறியவர்.

விஜயதசமிக்குப் பிறகு பொம்மைகள் துணி சுற்றிப் பெட்டிக்குள் போகும்போது, அந்தத் தட்டைக் குப்பையில் கவிழ்க்க வேண்டாம். வேரோடு எடுத்துப் பக்கத்துத் தெரு மாட்டுக்குக் கொடுக்கலாம். மொட்டைமாடித் தொட்டியில் மண்ணோடு கிளறிவிட்டால் அடுத்த செடிக்கு உரமாகும். கொலு வைக்கும் வழக்கம் இல்லாத வீட்டிலும், வேறு தெய்வத்தை வணங்கும் வீட்டிலும், எந்தத் தெய்வத்தையும் வணங்காத வீட்டிலும்கூட ஒரு கைப்பிடி கேழ்வரகை நனைத்துத் தூவலாம். ஷிப்ட் முடிந்து வரும் களைப்பில், கைபேசியை எடுப்பதற்கு முன் பத்து நிமிஷம் அதன் அருகே உட்கார்ந்தால் போதும். நீர் தெளிப்பதையும் தட்டைத் திருப்பி வைப்பதையும் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். அவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு புல்லை முளைத்த நாளிலிருந்து மஞ்சளாகும் நாள்வரை கூட இருந்து பார்த்த பிள்ளை, வாசலில் முளைத்திருக்கும் புல்லைச் சும்மா பிடுங்கி எறியாது. ஓரறிவு உயிருக்கு இரங்கத் தெரிந்தவருக்கு ஆறறிவு உயிரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆன்மிகம் என்று நாம் தேடி அலைவதன் பெரும்பகுதி இந்த இரக்கம்தான். அதைப் பழகுவதற்கு ஒரு தட்டு மண்ணும் ஒரு கைப்பிடிக் கேழ்வரகும் போதும்.